டிரோனும் வயதுக் கணக்கும்

ஆளில்லாமல் ஆகாயத்தில் பறந்து, தரையில் நிற்கும் ஒருவனுடைய கைவிசைக்கோ அல்லது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட கட்டளைக்கோ கீழ்ப்படிந்து, படம் பிடிக்கவும், பயிருக்கு மருந்து தெளிக்கவும், சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கவும், குண்டு போடவும் கூடியதான டிரோன் என்னும் யந்திரம் இன்று உலகமெங்கும் பெருகி வருகின்றது. இந்த யந்திரத்தைப் பொதுஜனங்கள் ஏற்றுக்கொள்ளுகின்றார்களா இல்லையா என்பதைப் பற்றிப் பல தேசங்களில் கணக்கெடுத்து வருகின்றார்கள். அப்படி எடுக்கப்படும் கணக்குகளில் பெரும்பாலும் ஒரு சங்கதி சொல்லப்படுகின்றது. அதாவது, வாலிபர்கள் இதை வரவேற்கின்றார்கள் என்றும், வயது ஏற ஏற வரவேற்பு குறைந்து, வயோதிகர்கள் இதைச் சந்தேகத்தோடு பார்க்கின்றார்கள் என்றும் சொல்லப்படுகின்றது.

கணக்கு பொய் என்று சொல்ல நாம் வரவில்லை. கேட்ட கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதில்களைக் கூட்டிப் போட்டால் அப்படியொரு தொகை வரக்கூடும். வாலிபனுக்கு இம்மாதிரிச் சாமான்கள் கையில் பழகிப் போயிருக்கின்றன, கிழவனுக்குப் பழகவில்லை. அவ்வளவு வித்தியாசம் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம். அந்த முடிவு என்னவென்றால், ‘எதிர்ப்பவர்கள் வயதானவர்கள், வயதானவர்கள் புதிதாக எது வந்தாலும் எதிர்ப்பார்கள், இன்னும் கொஞ்ச காலத்தில் அவர்கள் இருக்கப் போவதில்லை, ஆகையால் அவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை’ என்பதேயாகும். இப்படி வெளிப்படையாய் ஒருவரும் சொல்லாவிட்டாலும், டிரோன் விற்கின்றவர்களும், அதை ஊருக்குள் கொண்டுவர நினைக்கும் அதிகாரிகளும் பல இடங்களில் நடந்துகொள்ளும் மாதிரி இந்த அர்த்தத்தைத்தான் கொடுக்கின்றது.

ஒருவன் சொல்லும் காரணத்தைப் பார்க்காமல், அவனுடைய வயதைப் பார்த்து அவன் பேச்சைத் தள்ளுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று கேட்கின்றோம். ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்று சொல்லி நெடுங்காலமாய் வாலிபனுடைய வாயை மூடி வந்தார்கள். இன்று ‘கிழம், உனக்கென்ன தெரியும்’ என்று சொல்லி வயோதிகனுடைய வாயை மூடப் பார்க்கின்றார்கள். இரண்டும் ஒரே காரியந்தான், ஆள்தான் மாறியிருக்கின்றான். ஆதலால், டிரோனை ஜனங்கள் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் உண்மையில் வயதுதான் காரணமா, அல்லது வேறு காரணம் ஏதாவது இருக்கின்றதா என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியது அவசியமாகின்றது.

முதலாவதாக, ஜப்பான் தேசத்தை எடுத்துக்கொள்ளுவோம். ஆளில்லாமல் பறக்கும் யந்திரத்தை விவசாயத்துக்கு முதன்முதல் பெரிய அளவில் பயன்படுத்திய தேசம் அதுவே. 1983-ல் அத்தேசத்து விவசாய இலாகாவின் முயற்சியில் யமஹா கம்பெனி இந்த வேலையில் இறங்கி, 1987-ல் 20 கிலோ மருந்தைச் சுமந்துகொண்டு பறக்கக்கூடிய சிறு ஹெலிகாப்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஜப்பானிய நெல் வயல்களில் இப்படித்தான் மருந்து தெளித்து வருகின்றார்கள். இதை ஏற்றுக்கொண்டவர்கள் யார்? பள்ளிக்கூடத்துப் பையன்களா? 2020-ம் வருஷத்துக் கணக்குப்படி ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்களுடைய சராசரி வயது 67.8. அதாவது, நம் நாட்டில் ‘இவர்களுக்கு ஒன்றும் புரியாது’ என்று திண்ணையில் உட்கார வைக்கப்படும் வயதுக்காரர்கள்தான் அங்கே இந்த யந்திரத்தை விரும்பி அழைத்துக்கொண்டவர்கள். ஏனெனில், பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்கத் தங்களால் முடியவில்லை. யந்திரம் அந்தச் சுமையை இறக்கி வைத்தது. வயதுதான் எதிர்ப்புக்குக் காரணம் என்றால் ஜப்பானிய விவசாயிதானே உலகத்தில் எல்லோருக்கும் முன்னால் எதிர்த்திருக்க வேண்டும்?

இரண்டாவதாக, ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா தேசத்தைப் பார்ப்போம். அது குன்றுகள் நிறைந்த நாடு. ரத்தம் சேமித்து வைக்கும் இடத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் நோயாளி இறந்துபோகக் கூடும். 2016 அக்டோபரில் அத்தேசத்து சர்க்கார் ஜிப்லைன் என்னும் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டு, முகாங்கா என்னும் இடத்திலிருந்து டிரோன் மூலம் ரத்தம் அனுப்ப ஆரம்பித்தது. யந்திரம் ஆஸ்பத்திரிக்கு மேலே வந்து, சிறு குடை ஒன்றில் கட்டிய பெட்டியைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகின்றது. 2022-ல் ‘லான்செட்’ வைத்தியப் பத்திரிகைகளில் ஒன்றில் வெளியான ஆராய்ச்சிப்படி, இந்த ஏற்பாட்டினால் ரத்தம் வந்துசேரும் நேரம் குறைந்ததோடு, உபயோகப்படாமல் கெட்டுப்போகும் ரத்தமும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. பிரசவத்தில் உதிரம் போய்க்கொண்டிருக்கும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயாருக்கு வயது ஐம்பதா எழுபதா என்று பார்த்தா அந்த யந்திரத்தின்மேல் அவளுக்கு நம்பிக்கை வரும்?

மூன்றாவதாக, ஆஸ்திரேலியா தேசத்தின் தலைநகராகிய கான்பெராவுக்குப் போவோம். அங்கே ஆல்பபெட் என்னும் பெரிய முதலாளிக் கம்பெனிக்குச் சொந்தமான விங் என்னும் கம்பெனி, 2018-ல் பொனிதன் என்னும் குடியிருப்புப் பகுதியில், வீட்டுக்கு வீடு காப்பியும் பலகாரமும் சில்லறைச் சாமான்களும் டிரோனில் அனுப்பிப் பரீட்சை செய்தது. அங்கேயுள்ள ஜனங்கள் படித்தவர்கள்; யந்திரங்களோடு பழகியவர்கள்; கையில் காசு உள்ளவர்கள். அப்படியிருந்தும் அந்தப் பகுதிவாசிகளில் ஒரு கூட்டத்தார் சங்கம் சேர்த்து எதிர்த்தார்கள். சத்தம் தாங்க முடியவில்லை, கொல்லைப்புறத்தில் நிம்மதியாய் உட்கார முடியவில்லை, நாய்கள் மிரளுகின்றன, பறவைகள் போய்விடுகின்றன, எங்களைக் கலந்துகொள்ளாமல் எங்கள் தலைக்கு மேல் இந்தக் காரியம் நடக்கின்றது என்று சொன்னார்கள். அந்தப் பிரதேசத்துச் சட்டசபை ஒரு கமிட்டி வைத்து விசாரித்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. டிரோன் போடும் சத்தத்துக்கு எந்த இலாகா பொறுப்பு என்பதே அதுவரையில் தெளிவாயிருக்கவில்லை. ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகுதான் விமானச் சத்தத்தைப் பற்றிய சட்டதிட்டங்கள் இதற்கும் பொருந்தும் என்று மத்திய சர்க்கார் முடிவு செய்தது. கம்பெனியும் சத்தம் குறைந்த விசிறிகளைத் தேடிக்கொண்டது. மேலே கண்ட ஆட்சேபணைகளில் ஒன்றாவது கிழத்தனத்தைச் சேர்ந்ததா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். தூங்கும் குழந்தை சத்தத்தைக் கேட்டு விழித்துக்கொண்டால் அந்தக் குழந்தையும் பழமை விரும்பிதானோ?

இவைகளிலிருந்து என்ன விளங்குகின்றது? யந்திரம் ஒன்றுதான்; பறக்கும் ஆகாயமும் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் அது உயிரைக் காப்பாற்றுகின்றது. மற்றோரிடத்தில் யாரோ ஒருவர் சோம்பலாய் வீட்டிலிருந்தபடியே காப்பி குடிப்பதற்காக அக்கம்பக்கத்து வீடுகளிலுள்ள அத்தனை பேர் காதையும் துளைக்கின்றது. முன்னதில் பயனும் தொல்லையும் ஒரே ஜனங்களைச் சேர்கின்றன. பின்னதில் பயன் ஒருவனுக்கும் தொல்லை மற்றொருவனுக்குமாய்ப் போகின்றது. முன்னதை எல்லா வயதுக்காரரும் ஏற்றுக்கொள்ளுகின்றார்கள். பின்னதை எந்த வயதுக்காரனும் தன் தலைக்கு மேல் வந்தால் ஆட்சேபிக்கின்றான்.

இது நம்முடைய ஊகம் மாத்திரமல்ல. 2017-ல் அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த கணக்கில், தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்கக் கண்டால் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆவல் உண்டாகும் என்று நூற்றுக்கு 58 பேர் சொன்னார்கள். அதே கணக்கில், ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்க அனுமதிக்கக்கூடாது என்று நூற்றுக்கு 54 பேர் சொன்னார்கள். ஆவல் உண்டு என்றவர்களில் சிலராவது அனுமதிக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தாலொழிய இந்த இரண்டு தொகையும் ஒன்றாக வராது. 2021-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனத்தார் 6 பட்டணப் பகுதிகளில் சுமார் 3,690 பேரைக் கேட்டதில், நூற்றுக்கு 83 பேர் நகரத்துக்கு மேலே டிரோன் முதலியவை பறப்பதைப் பற்றிப் பொதுவாக நல்ல அபிப்பிராயமே சொன்னார்கள். ஆனால் டிரோன் மூலம் தங்களுக்குச் சாமான் வருவதைப் பரீட்சித்துப் பார்க்கத் தயார் என்றவர்கள் 64 பேர்தான். எந்தக் காரியத்துக்கு என்று கேட்டபோது, ஆபத்துக்கால வைத்திய உதவி போன்ற பொதுநலக் காரியங்களுக்கே அதிக ஆதரவு கிடைத்தது. ஆகவே, ‘நீ எந்த வயதுக்காரன்?’ என்று கேட்பதைவிட, ‘எதற்காக, யாருக்காக, யார் தலைக்கு மேல்?’ என்று கேட்பதே பிரயோஜனமுள்ள கேள்வியாகும்.

நிற்க, வயோதிகர்கள் சந்தேகப்படுவது எல்லாம் அறியாமையினால்தான் என்று சொல்லப்படுவதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நமக்கு அடுத்த நாடாகிய கேரளத்தில் காசர்கோடு ஜில்லாவில், சர்க்காருக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதி முதல் 2000-ம் வருஷம் வரையில் எண்டோசல்பான் என்னும் பூச்சி மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்து வந்தார்கள். தோட்டத்துக்கு இடையிலும் பக்கத்திலும் வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, ஓடைகள் இருந்தன. உடல் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிள்ளைகள் பிறந்ததைப் பற்றி அங்குள்ள ஜனங்கள் கதறினார்கள். நெடுங்காலம் ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியாக 2011-ல் சுப்ரீம் கோர்ட்டார் அந்த மருந்தைத் தடுத்தார்கள். 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவு செய்தார்கள். அந்த ஜில்லாவில் எழுபது வயதான ஒரு அம்மாள் ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கும் யந்திரத்தைக் கண்டு பயந்தால், அது அறியாமையா, அனுபவமா? அந்த அம்மாளுக்குத் தெரிந்தது அவருடைய பேரனுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. இந்த இடத்தில் வயது என்பது நினைவுக்கு மற்றொரு பெயர். நினைவுள்ளவனுடைய எதிர்ப்பை ‘வயதுக் கோளாறு’ என்று கணக்கில் எழுதிவிட்டால், அடுத்த காசர்கோட்டுக்கு வழி திறந்து வைத்ததாகவே அர்த்தமாகும்.

அப்படியானால் டிரோனில் மருந்து தெளிக்கவே கூடாது என்கின்றோமா? இல்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த யவத்மால் ஜில்லாவில் பருத்திக் காடுகளில் கையால் மருந்து தெளித்த விவசாயிகளும் கூலிகளுமாக 20 பேருக்கு மேல் அந்த விஷத்தினால் செத்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முகத்துக்கு உறை இல்லை, கைக்கு உறை இல்லை, காலுக்குச் செருப்பில்லை, தலைக்கு மேல் வளர்ந்த செடிக்குள் நுழைந்து விஷப் புகையைக் குடித்துக்கொண்டே தெளித்தார்கள். இந்த வேலையை மனிதனுடைய முதுகிலிருந்து இறக்கி யந்திரத்தின் முதுகில் ஏற்றுவது மிகவும் நல்ல காரியம். மனிதன் செய்யத் தகாத வேலையை யந்திரம் செய்ய வந்தால் அதை மனமார வரவேற்க வேண்டியதே நியாயம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கும் இடத்தில் டிரோனுக்குச் சுமார் 10 லிட்டர்தான் சேர்க்கின்றார்கள். ஆகவே தெளிக்கப்படும் துளி சிறியது. அதிலுள்ள விஷம் கெட்டியானது. காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் குடிசைக்கும் போய்ச் சேரக்கூடியது. இரண்டு, மருந்து தெளித்துக் கூலி வாங்கி வந்தவனுடைய கதி என்ன? ஒரு நாள் முழுவதும் ஒருவன் செய்த வேலையை யந்திரம் சில நிமிஷத்தில் முடித்துவிட்டால் மிச்சமாகும் பணம் நிலக்காரனுக்குப் போகின்றதா, யந்திரக்காரனுக்குப் போகின்றதா, கூலிக்காரனுக்கு ஏதாவது உண்டா? இருபத்தைந்து வயதுக் கூலிக்காரன் டிரோனைக் கண்டு முகம் சுளித்தால் அது அவனுடைய வயதுக் குற்றமல்ல, வயிற்றுக் கவலை. அவனுடைய விஷத்தைப் பிடுங்கிக்கொண்டதற்காக நாம் சந்தோஷப்படுகின்றோம். அவனுடைய சோற்றையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டால் அதை எப்படி முன்னேற்றம் என்று சொல்லுவது?

மற்றும், சர்க்காருடைய கையில் டிரோன் என்ன செய்கின்றது என்பதையும் ஜனங்கள் பார்த்துக்கொண்டுதானிருக்கின்றார்கள். 2024 பிப்ரவரியில் விளைபொருளுக்குச் சட்டப்படி விலை கேட்டு டில்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை ஷம்பு என்னும் எல்லையில் தடுத்து, அவர்கள்மேல் ஹரியானா போலீசார் டிரோனிலிருந்து கண்ணீர்ப் புகைக் குண்டு போட்டார்கள். விவசாயிகள் காற்றாடி விட்டு, அதன் நூலில் டிரோனைச் சிக்க வைத்து இறக்கப் பார்த்தார்கள். 2021-க்குப் பின் எந்த யந்திரத்தை விவசாயியின் நண்பன் என்று சர்க்கார் ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்ததோ, அதே யந்திரம் அந்த விவசாயி நியாயம் கேட்டுத் தெருவுக்கு வந்தவுடன் அவன் கண்ணில் புகை போட்டது. பாகிஸ்தானத்தில் வஜீரிஸ்தான் பிரதேசத்தில் 2004 முதல் 2018 வரையில் அமெரிக்கா டிரோன் மூலம் குண்டு போட்டு வந்தது. 2022 முதல் யுக்ரேன் யுத்தத்தில் இருதரப்பிலும் டிரோன்கள் ஆயிரக்கணக்கில் மனிதனைத் தேடிப் பறக்கின்றன. அந்த நாடுகளில் ஆகாயத்தில் ‘ங்’ என்று ஒரு இரைச்சல் கேட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் ஓடி ஒளிகின்றது. அறுபது வயதுக் கிழவனும் ஓடி ஒளிகின்றான். அங்கே போய் வயதுவாரியாகக் கணக்கெடுப்பவனுக்கு என்ன பதில் கிடைக்கும்?

ஸ்திரீகள் விஷயத்தையும் மறந்துவிடக்கூடாது. மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்ணுக்கும், கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் குளிக்கும் பெண்ணுக்கும் தலைக்கு மேல் கண்ணொன்று வந்து நின்றால் எப்படியிருக்கும் என்பது ஆண்களுக்கு எளிதில் தோன்றாது. கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் டிரோனைப் பறக்கவிட்டுக் கைதட்டும் வாலிபனுக்கு அது வேடிக்கை. அதே வயதுள்ள அவன் தங்கைக்கு, யாருடையது என்று தெரியாத ஒன்று ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றால் அது வேடிக்கையல்ல. வயது ஒன்றாயிருந்தும் அபிப்பிராயம் வேறாவதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இனி நம் தேசத்துச் சட்டத்தைப் பார்ப்போம். 2014 அக்டோபரில் இந்திய சர்க்காருடைய விமானப் போக்குவரத்து அதிகாரிகள், தனி மனிதர் டிரோன் பறக்கவிடக்கூடாதென்று ஒரேயடியாகத் தடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தி, 2021 ஆகஸ்டு 25-ல் புதிய டிரோன் விதிகளைப் பிரசுரித்தார்கள். நிரப்ப வேண்டிய பாரங்கள் 25-லிருந்து 5 ஆகவும், கட்டணங்கள் 72 வகையிலிருந்து 4 வகையாகவும் குறைக்கப்பட்டன. தொந்தரவு குறைந்தது நல்லதே. ஆனால் அந்த விதிகளில், டிரோன் ஓட்டும் அத்தாட்சி பெற விரும்புகின்றவன் 18 வயதுக்குக் குறையாமலும் 65 வயதுக்கு மேற்படாமலும், பத்தாம் வகுப்புத் தேறியவனாகவும் இருக்க வேண்டுமென்று வைத்தார்கள். அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி தொழிலுக்காக டிரோன் ஓட்டுகின்றவனுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். மேல்வயதுக்கு வரம்பு கிடையாது. உடலும் மனமும் சரியாயிருந்தால் போதும். நம் நாட்டில் மாத்திரம் 65 வயது முடிந்தவுடன் கண்ணும் கையும் ஒரே நாளில் போய்விடுமா? பார்வையும் கைநிதானமும் அவசியமென்றால் பார்வையையும் நிதானத்தையும் பரீட்சிப்பதுதானே புத்திசாலித்தனம்? விவசாயி 65 வயதில் ஓய்வு பெறுவதில்லை. அவனுக்குப் பென்ஷனும் இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கவும் வழியில்லாதிருந்த தலைமுறையைச் சேர்ந்தவனிடம் இன்று பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட் கேட்பதும் அப்படிப்பட்டதேயாகும். ஜப்பானில் யாருடைய பாரத்தை இறக்குவதற்காக யந்திரம் வந்ததோ, அவர்களையே இங்கே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு ‘வயோதிகர்கள் இதை ஏற்கமாட்டேன் என்கின்றார்கள்’ என்று சொல்லுவது யாரை ஏமாற்றுவதற்கு?

2023-ல் மத்திய சர்க்கார் 15,000 பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு 1,261 கோடி ரூபாய் செலவில் டிரோன் கொடுக்கும் திட்டமொன்றை மந்திரிசபையில் நிறைவேற்றினார்கள். விலையில் நூற்றுக்கு 80 பங்கு, 8 லட்சம் ரூபாய் வரையில், சர்க்கார் உதவி. தமிழ்நாட்டிலும் 2022-ல் ஆளில்லா வானூர்திகளுக்கென்றே சர்க்கார் கழகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பெண்கள் கையில் யந்திரம் வருவதை நாம் மனப்பூர்வமாய் ஆதரிக்கின்றோம். எப்போதும் மண்வெட்டியும் அரிவாளுந்தான் பெண்ணுக்கு, யந்திரம் ஆணுக்கு என்று இருந்ததை மாற்றும் எந்தக் காரியமும் நல்லதே. ஆனால் யந்திரம் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடாது. மின்கலம் தேய்ந்தால் யார் மாற்றுவது, பழுதானால் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது, வருஷத்தில் எத்தனை நாளைக்கு வேலை கிடைக்கும் என்பவைகளுக்கும் பதில் இருந்தால்தான் அது கொடுத்ததாகும். இல்லாவிட்டால் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டதோடு சரி.

ஆகவே வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். ‘வாலிபர்கள் எங்கள் பக்கம்’ என்று கம்பெனிக்காரன் சொல்லும்போது அதைக் கேட்டுப் பூரித்துப் போகாதீர்கள். அவன் உங்கள் புத்தியைப் புகழவில்லை. நீங்கள் கேள்வி கேட்கவில்லை என்பதைப் புகழுகின்றான். புதியது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளுவது, பழையது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளுவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. இரண்டிலும் புத்திக்கு வேலையில்லை.

வயோதிகத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். ‘நாங்கள் பார்க்காததா’ என்பது ஒரு காரணமாகிவிடாது. சத்தம் என்றால் எவ்வளவு சத்தம், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். விஷம் என்றால் எந்த மருந்து, எந்தக் காற்றில் என்று சொல்லுங்கள். அனுபவம் என்றால் நடந்ததை எடுத்து வையுங்கள். 2021 அக்டோபரில் மணிப்பூரில், தரை வழியாக 26 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டிய லோக்தக் ஏரித் தீவுக்கு, ஆகாய வழியில் 15 கிலோமீட்டர் தூரத்தைக் கால் மணி நேரத்துக்குள் கடந்து டிரோன் தடுப்பு மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. இதையும் வேண்டாம் என்று சொல்லுகின்றவன் யந்திரத்தை எதிர்க்கவில்லை. மனிதனுடைய சௌகரியத்தையே எதிர்க்கின்றான்.

முடிவாக, சர்க்காரும் முனிசிபாலிடிகளும் பஞ்சாயத்துகளும் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, குடியிருப்புக்கு மேலே வியாபாரத்துக்காக டிரோன் பறக்கவேண்டுமானால், அந்தக் குடியிருப்பிலுள்ள ஜனங்களைக் கூட்டி, ஆண் பெண், சிறியவர் பெரியவர், சாமான் வாங்குகின்றவர் வாங்காதவர் எல்லோரையும் முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும். பிறகு வந்து கணக்கெடுப்பது கலந்துகொள்ளுவதாகாது.

இரண்டாவது, மருந்து தெளிப்பதாயிருந்தால் விதியைக் காகிதத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. முந்தின நாளே ஊரிலும் சேரியிலும் தண்டோராப் போட்டு, மருந்தின் பெயரும் நேரமும் சொல்லப்பட வேண்டும். கிணற்றுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் விடவேண்டுமென்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு டிரோனும் யாருடையது, எதற்காகப் பறக்கின்றது, எடுத்த படம் எங்கே போகின்றது என்பதைத் தரையில் நிற்கும் சாதாரண மனிதன் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கவேண்டும். புகார் சொல்ல ஓர் இடமும், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும்.

நான்காவது, யந்திரத்தினால் வேலை இழக்கும் கூலிக்காரர்களுக்கே அந்த யந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத் தடையாயிருக்கும் வயது வரம்பையும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டையும் எடுத்துவிட்டு, ஓட்டத் தெரிகின்றதா என்று மாத்திரம் பரீட்சிக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு அப்புறம் ஊருக்குள் போய், ‘டிரோன் உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்கட்டும். அப்பொழுது கிடைக்கும் பதில் இருபது வயதுக்காரனிடமும் எழுபது வயதுக்காரனிடமும் பெரிய வித்தியாசமில்லாமல் வரும் என்பதே நமது அபிப்பிராயம். அப்படிக் கேட்காமல், கேட்கவும் மனமில்லாமல், ‘கிழவர்கள் மறுக்கின்றார்கள், வாலிபர்கள் ஏற்கின்றார்கள்’ என்று மாத்திரம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், ஜனங்களுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஜனங்களில் ஒரு பகுதியார் சாவதற்காகக் காத்திருக்கின்றார்கள் என்றுதான் நாம் சொல்ல வேண்டியிருக்கின்றது.